இரண்டாவது சிடி

‘மாமனார் வண்டி’ என்று ஒரு படம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. குடும்பத்தோடு சுற்றுலா போகிற கதை என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். குடும்பம் இருந்தது, சுற்றுலாவும் இருந்தது. கதையை மட்டும் வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார்கள் என்பது ஜெயாவின் அபிப்பிராயம்.

ஜெயா சொல்வதில் தப்பே கிடையாது. மாமனாரிடம் இரவல் வாங்கிய வேனில் ஒரு பெரிய குடும்பம் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறது. மூத்தவனுக்கு ஒரு காதலி. அவள் பாண்டிச்சேரியில் ஒரு பஸ்ஸில் ஏறுகிறாள். படம் முடிகிற வரைக்கும் இறங்கவேயில்லை. ஒரு கறுப்புப் பெட்டி மேல் ஆளாளுக்குக் கண். இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. டீ குடிக்க இறங்கிய தாத்தா காணாமல் போய், கடைசியில் வேறு சட்டையில் வந்து நிற்கிறார். எங்கே போனீர்கள் என்று பெற்ற பிள்ளைகூடக் கேட்பதில்லை.

ஆனால் சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பாதி வழியில் வேனுக்கு ரிவர்ஸ் கியரைத் தவிர மற்ற கியரெல்லாம் போய்விடும். குடும்பமே பின்பக்கமாகச் சுற்றுலா போகும். கோயிலில் இறங்கினால் பழக்கதோஷத்தில் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த உப்பளக் காமெடி. வேன் பின்பக்கமாகவே வந்து உப்புப் பாத்திக்குள் இறங்கிவிடும். செருப்பும் ஷூவுமாகக் குடும்பம் கீழே குதிக்கும். உப்பளத்து ஆட்கள் மொத்தப் பேரும் “செருப்பு! செருப்பு!” என்று கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று குடும்பம் தெறித்து ஓடும். அந்த ஓட்டத்தில் தொந்தி மாமா, கூடை சுமந்து வருகிற ஓர் உப்பளக்காரர் மேல் மோத, அந்த ஆள் வழுக்கிக்கொண்டு பாத்தியின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் போய், உப்புக் குவியலில் தலைகுப்புறப் புதைவார். வெளியே தெரிவது இரண்டு கால் மட்டும்.

இன்றைக்கும் தங்கம் விலை இறங்கினால், யாராவது தேர்தலில் தோற்றால், அந்தத் துண்டு வீடியோதான் போன் போனாகச் சுற்றுகிறது. அப்படி வழுக்கிப் போகிற ஆள் ஜெயாவின் புருஷன் மண்ணாங்கட்டி. மரக்காணத்தில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும்.

பிறந்து பிறந்து செத்த பிள்ளைகளுக்கு அப்புறம் பிறந்தவன் என்று, எமனை ஏமாற்ற வைத்த பெயர் அது. எமன் கொஞ்ச காலம் ஏமாந்துதான் இருந்தான். மகள் இலக்கியா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், விடியற்காலையில் உப்பளத்துக்குச் சைக்கிளில் போன மண்ணாங்கட்டியை ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. வீட்டில் மாட்டியிருப்பது வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய போட்டோ. அதில் அவன் எதற்கோ பயந்தவன் மாதிரி இருப்பான். மனுஷன் எதற்கும் பயந்ததில்லை, அந்தக் கேமராவைத் தவிர.

ஆகவே இலக்கியாவுக்கு அப்பா என்றால் அந்த வழுக்கல்தான். பள்ளிக்கூடத்தில் அப்பா இல்லாத பிள்ளை என்று யாராவது பரிதாபப்பட்டால், “எங்கப்பா சினிமால இருக்காரு” என்பாள். பாண்டியில் துணிக்கடை பில்லிங்கில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் போன் வாங்கியதும் அவள் முதலில் ஏற்றி வைத்தது அந்தத் துண்டு வீடியோவைத்தான். வருகிற ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிலம்பரசன் வானூர்ப் பக்கம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, “சார நேர்ல பாக்கத்தான் குடுத்து வெக்கல” என்று அவனும் அந்த வீடியோவைப் பற்றித்தான் பேசினான். அதிலேயே இலக்கியாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

இப்போதெல்லாம் வரவேற்பில் மேடைக்குப் பின்னால் பெரிய திரை வைக்கிறார்கள். இறந்து போன அப்பா அம்மா அதில் வந்து கை தூக்கி ஆசீர்வாதம் செய்கிறார்கள். போட்டோகிராபர் தவுசீப் அதற்காகத்தான் போட்டோ கேட்டான்.

“ஒரு போட்டோ இருந்தா போதும்க்கா. ஏ.ஐ.ல அப்பா சிரிச்சி, ரெண்டு கையையும் தூக்குற மாதிரி செஞ்சிடலாம்.”

“எங்கப்பாவுக்கு நெசமாவே வீடியோ இருக்குது தம்பி. தியேட்டர்ல ஓடின வீடியோ” என்றாள் இலக்கியா. அப்போது அவள் முகத்தில் இருந்த கர்வத்தை ஜெயாவால் பார்க்க முடியவில்லை. அவள் எழுந்து போய், ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தை மறுபடியும் துலக்கினாள்.

ஏனென்றால் அந்தக் கால்கள் மண்ணாங்கட்டியின் கால்கள் இல்லை.

*

படப்பிடிப்பு நடந்தபோது இலக்கியாவுக்கு இரண்டு வயது. மஞ்சள் தொப்பி போட்ட டைரக்டர் உப்பளத்து ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். மண்ணாங்கட்டி பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “பேரே காமெடியா இருக்கேய்யா, நீ வா” என்று தோளில் கை போட்டுக்கொண்டார். வழுக்கி விழ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த ஒரு வேலைதான் மண்ணாங்கட்டிக்கு வரவில்லை. உப்புப் பாத்தியின் தரை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை. குதிகாலை அழுத்தி ஊன்றினால் தரை பள்ளம் விழும், சேறு கலந்து உப்பு பழுப்பாகிவிடும். அதனால் பாத்திக்குள் இறங்குகிறவர்கள் விரல்களை முதலில் வைத்து, பூனை மாதிரி நடப்பார்கள். செருப்போடு இறங்குவது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். சினிமாக் குடும்பம் ஷூ காலோடு குதித்ததும் ஜனங்கள் நடிப்பை மறந்து “செருப்பு!” என்று பதறிக்கொண்டு ஓடினார்களே, அது யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. டைரக்டர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, அப்படியே வைத்துக்கொண்டார்.

சிறு வயதிலிருந்து அப்படி நடந்த கால் எப்படி வழுக்கும்? மாமா மோதுவார், மண்ணாங்கட்டி ஆடுவான், சாய்வான், கூடையைக்கூடக் கீழே போடுவான். மனசு விழுந்துவிடும், கால் விழாது. பெருவிரல் தானாகப் போய்த் தரையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் ஊற்றலாமா என்று யாரோ கேட்டபோது, “பாத்தியில எண்ண ஊத்தாதீங்க சார், உப்பு கெட்டுப்பூடும்” என்று நடிப்பை விட்டுவிட்டுச் சண்டைக்கே போய்விட்டான். மாமா மோதி மோதி அவருக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

கடைசியில், உப்பளத்து ஜனங்களைக் கூலி கொடுத்து அனுப்பிய பிறகு, உதவி டைரக்டர் பையன் ஒருவன், மண்ணாங்கட்டியின் லுங்கியையும் தலைத்துண்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து ஒரே தடவையில் விழுந்தான். பட்டணத்துக் கால், குதிகாலை ஊன்றி வந்தது, சர்ரென்று போய்விட்டது. லுங்கியை இழந்த மண்ணாங்கட்டிக்கு அந்தப் பையனின் ஜீன்ஸ் கிடைத்தது. முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் கூச்சத்தோடு நின்றான். அவன் ஆயுசில் ஜீன்ஸ் போட்டது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலம் கதாநாயகன் அழுகிற காட்சி. அவருக்கு அழுகை வரவே இல்லை. இலக்கியா போட்டிருந்த கீச்சுச் செருப்புச் சத்தத்தில் தனக்கு மூடு வரவில்லை என்று அவர் சொல்ல, யாரோ ஓடி வந்து குழந்தையின் செருப்பைக் கழற்றி எங்கேயோ கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அழுகை வந்துவிட்டது, முதலில் இலக்கியாவுக்கும் பிறகு கதாநாயகனுக்கும். இப்படி ஒவ்வொன்றும் ஜெயாவுக்குச் சிரிப்புச் சிரிப்பாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கோவையாகச் சொல்லச் சொன்னால் அவளாலும் முடியாது, அந்தப் படத்தை எடுத்தவரை மாதிரியேதான்.

படம் வந்தபோது ஊரே வண்டி கட்டிக்கொண்டு பாண்டிக்குப் போனது. வழுக்கல் வந்ததும் தியேட்டர் இடிந்துவிடும் போலிருந்தது. முகம் தெரியாமல் உப்புக்குள் புதைந்த ஆளைப் பார்த்து, “மண்ணாங்கட்டி டோய்!” என்று ஊர்க்காரன் கலியன் கத்தினான். இடைவேளையில் ஆளாளுக்கு மண்ணாங்கட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அது நான் இல்லை என்று சொல்லத்தான் மண்ணாங்கட்டி வாயைத் திறந்தான். திறந்த வாயில் யாரோ போண்டாவைத் திணித்தார்கள். போண்டாவோடு சேர்த்து உண்மையையும் முழுங்கிவிட்டான்.

குழந்தை மடியில் தூங்கிவிட்டதால் ஜெயா எழுந்திருக்கவில்லை. இடைவேளை முடிந்து படம் ஆரம்பித்தபோது தியேட்டரில் பாதிக்குமேல் காலி. கதாநாயகன் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கூட்டுக் குடும்பத்தைப் பற்றி நீளமாகப் பேசினான். அவனுக்குப் பின்னால், தூரத்தில், மடித்துவிட்ட ஜீன்ஸோடு ஓர் ஆள் வரப்பில் நடந்து போனான். ஜெயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

படம் விட்டுத் திரும்பும்போது சொன்னாள். “நீ வந்தய்யா. அழுவுறானே, அதுல.”

“நானா? ஏண்டி, அந்த அழுவாச்சிய ஒருத்தி உக்காந்து பாத்தியா?” என்று மண்ணாங்கட்டி வண்டி முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம் என்றான். அதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வழுக்கின பெயருக்காக அவனுக்கு ஊரில் டீ கிடைத்தது, பஸ்ஸில் இடம் கிடைத்தது, கல்யாண வீட்டில் முதல் பந்தி கிடைத்தது. ஜெயா ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் வழுக்காமல் நடந்த மனுஷனுக்கு, வழுக்கினான் என்று ஒரு பெயர். அது அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததைப் பிடுங்க அவளுக்கு மனசில்லை.

*

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்தப் பேட்டி வந்தது. அன்றைக்கு விழுந்த பையன் சித்தார்த்தன், இப்போது தலை நரைத்து, படங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டுகிறான். ஏதோ ஒரு சேனலில் சிரித்துக்கொண்டே சொன்னான்: “மரக்காணத்துல ஒரு அண்ணன். நல்ல மனுஷன். அவருக்கு வழுக்கவே வரல. அப்புறம் அவரோட லுங்கியக் கட்டிக்கிட்டு நான்தான் விழுந்தேன். உப்புல தெரியுதே, அது என் கால்.”

அடுத்த தெரு ராசம்மாள்தான் முதலில் வந்தாள். “ஏண்டி ஜெயா, அது ஒங்க ஊட்டுக்காரரு இல்லியாமே?” என்று வாசலிலேயே கேட்டாள். டீ வாங்கிக் கொடுத்த ஊர் இப்போது அந்தப் பேட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பியது. சாயங்கால பஸ்ஸில் இலக்கியா வந்தாள். தோள் பையைக்கூடக் கழற்றவில்லை.

“ஒனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“எப்பத்துலேர்ந்து?”

“அன்னிக்கே தெரியும். பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்.”

இலக்கியா சத்தம் போட்டிருந்தால் ஜெயா தாங்கியிருப்பாள். மகள் சத்தம் போடவில்லை. “எவனோ ஒருத்தன அப்பான்னு பாத்துகினு இருந்திருக்கேன். சின்னப் புள்ளையில டிவியில அது வரச்ச முத்தம் குடுத்திருக்கேம்மா” என்று மட்டும் சொன்னாள்.

அந்த முத்தங்களை ஜெயா பார்த்திருக்கிறாள். அதனால்தானே சொல்ல முடியாமல் போயிற்று. “அவுரே சொல்லல. நான் எப்பிடிடி சொல்றது?” என்றாள். பிறகு, “படத்துல ஒங்கப்பா இருக்காரு. ஆனா அங்க இல்ல. அதுக்கு அப்பால, அழுவாச்சி சீன் ஒண்ணு வருது, அதுல” என்றாள்.

“சமாதானத்துக்குச் சொல்ற.”

“நான் பாத்தேன்டி.”

சொல்லிவிட்டாளே தவிர, ஜெயாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை பார்த்தது. அதுவும் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், பாதித் தூக்கத்தில், மடியில் குழந்தையோடு. அவன் போன பிறகு எத்தனை ராத்திரி கண்ணை மூடி அந்த நடையை ஓட்டிப் பார்த்திருக்கிறாள்! பார்த்துப் பார்த்து அவளே உண்டாக்கியதோ என்னவோ. இல்லாததை இருக்கிறது என்று சொல்லி, மகளுக்கு இன்னொரு தடவை அப்பாவைச் சாகடிக்கப் போகிறோமோ என்று பயமாக இருந்தது.

இலக்கியா போனில் தேடினாள். ‘உப்பளக் காமெடி’ இருந்தது, ‘ரிவர்ஸ் கியர் காமெடி’ இருந்தது, ‘மாமா இடுப்புக் காமெடி’ என்றுகூட ஒன்று இருந்தது. முழுப் படம் எங்கேயும் இல்லை. கதை இல்லாத படத்தின் கதையை யார் எடுத்து வைக்கப் போகிறார்கள்? சிரிப்பை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உலகம் குப்பையில் போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து தவுசீப் போன் செய்தான். “அக்கா, அப்பா கிளிப்ப இன்னும் அனுப்பலியே?”

“அது எங்கப்பா இல்ல தம்பி. ஒண்ணும் போட வேணாம்.”

“அப்ப போட்டோவ வெச்சி...”

“வேணாம்னு சொல்றேன்ல? இனிமே எங்கப்பாவ எதுலயும் போடாதீங்க!”

ஜெயா போனைப் பிடுங்கி நடந்ததைச் சொன்னாள்.  பிறகு தவுசீப், “எங்க அத்தா துபாய் போறதுக்கு முன்ன மரக்காணம் பஜார்ல சிடி கடைதானே வெச்சிருந்தாரு. பழசெல்லாம் ஒரு பொட்டியில கெடக்குது. வந்து பாருங்கம்மா” என்றான்.

*

தவுசீப் குடும்பம் இப்போது இருக்கும் பெரிய முதலியார்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. தவுசீப்பின் அப்பா முஹம்மது யூசுப் வாசலிலேயே காத்திருந்தார். ஜெயாவை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் மனைவி மைமூன், வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் ரோஸ்மில்க் கலக்கிக் கொண்டு வந்தாள்.

யூசுப் பாய் பெட்டியைக் கிளறி ஓர் உறையை எடுத்துத் தூசி தட்டினார். உள்ளே இரண்டு சிடி. முதலாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் கீறல் விழாத இடமே இல்லை. “ஊரே போட்டுத் தேச்சிருக்குது. இனிமே இது ஓடாது” என்று ஓரமாக வைத்தார். இரண்டாவதை எடுத்தார். அது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருந்தது.

“பாருங்க, ஒரு கீறல் கெடையாது. மொத சிடியப் பாத்துச் சிரிச்சிட்டு, ரெண்டாவத கவர விட்டே எடுக்காமத் திருப்பிக் குடுத்துடுவாங்க. எந்த சிடியில இருக்கறாரு ஒங்க வூட்டுக்காரரு?”

“இடவேளைக்கு அப்பால பாய்.”

“அப்ப இதுதான். மாஷா அல்லாஹ், யாரும் பாக்காததால பொழச்சிக் கெடக்குது.”

பழைய பிளேயர் ஒன்று இருந்தது. ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. ஓட்டவும் நிறுத்தவும் மட்டும்தான் அதில் பொத்தான். ஓட்டினால் முதலிலிருந்து ஓடும்.

வரப்பில் கதாநாயகன் உட்கார்ந்திருந்தான். சாயங்கால வெயில். பின்னால் உப்புக் குவியல்கள். வயலின் அழுதது, கூடவே அவனும் அழுதான். “குடும்பம்னா என்னன்னு தெரியுமாப்பா?” என்று ஆரம்பித்து, அது என்ன என்று அவனே சொல்லிக்கொண்டு போனான். தவுசீப் கொட்டாவியை அடக்கிக்கொண்டான். பின்னால் வரப்பு காலியாகக் கிடந்தது.

காலியாகவே கிடந்தது.  ஜெயாவுக்குக் கையிலிருந்த ரோஸ்மில்க் டம்ளரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. இலக்கியா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வையில் கோபம் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. அதுதான் ஜெயாவுக்கு அதிகமாக வலித்தது.

“போதும்மா” என்றாள் இலக்கியா.

அப்போது திரையின் ஓரத்தில் ஓர் ஆள் நுழைந்தான். ஒல்லியான ஆள். வெற்று மார்பு. முழங்கால் வரை மடித்துவிட்ட ஜீன்ஸ். அழுகிறவனுக்குப் பின்னால், யார் வீட்டு எழவோ என்கிற மாதிரி, வரப்பின் மேல் தன்பாட்டுக்கு நடந்து போனான். விரல்களை முதலில் வைத்து, பூனை மாதிரி.

ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள்.  முதலில் பேசியது மைமூன்தான்.

“ஏம்மா, இது ஒம் பொண்ணு நடையில்ல? இப்ப உள்ள வரச்ச இப்பிடித்தானே வந்துச்சு!”

இலக்கியா ஒரு நாளும் பாத்தியில் இறங்கி வேலை செய்தவள் இல்லை. குதிகால் தரையில் படாமல் நடக்கிறாளே, நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று ஜெயா அவளை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். இலக்கியா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

“இன்னொரு தரம் போடுங்க” என்றாள்.

யூசுப் பாய் நிறுத்தி, மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் வயலின், மறுபடியும் குடும்பம்னா என்ன. “இந்த சீன ரெண்டு தரம் பாத்த மொத ஆளு நீதாம்மா” என்றார். இந்தத் தடவை இலக்கியா திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வரப்பின் கோடியில் சினிமாக்காரர்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் குவிந்து கிடந்தன. மண்ணாங்கட்டி அதன் முன்னால் குந்தினான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளினான். ஏதோ ஒன்று கிடைத்தது. எழுந்து நின்று, நேராகக் கேமராவைப் பார்த்து, கையை உயரத் தூக்கி, பல் தெரியச் சிரித்தான். கையிலிருந்ததை அமுக்கி அமுக்கிக் காட்டினான். வாக்காளர் அட்டையில் பயந்துபோய் இருந்த ஆள் இவன் இல்லவே இல்லை.

“கையில இன்னாம்மா அது? என்னாத்தையோ அமுக்குறாரே?”

வயலினைத் தவிர அதில் வேறு சத்தம் கிடையாது. ஆனால் ஜெயாவுக்குக் கேட்டது. கீச், கீச். இத்தனை வருஷமாக எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, அந்தச் சாயங்காலம் மொத்தமும் கோவையாகத் திரும்பி வந்து நின்றது.

“ஒன் செருப்புடி” என்றாள்.  “செவப்புச் செருப்பு. நடந்தா கீச்சு கீச்சுன்னு கத்தும். அந்த நடிகருக்கு அழுவ வரலன்னு புடுங்கி எறிஞ்சிட்டானுங்க. நீ ஓன்னு கத்துற. அடக்க முடியல. ஒங்கப்பாவதான் வழுக்கலன்னு தள்ளி வெச்சிட்டாங்களே, சும்மா நின்னுகினு இருந்தாரு. நான் கொண்டாறேன்னு போனாரு. நடுவுல படம் புடிக்கிறாங்கன்னுகூடப் பாக்கல.”

“அப்ப கேமராவப் பாத்துச் சிரிக்கிறாரே?”

“கேமராவயா? அவுருக்குக் கேமரான்னா பயம். கேமராவுக்குப் பக்கத்துல ஒன்ன இடுப்புல வெச்சிகினு நான் நிக்கறேன். ஒன்னப் பாத்துதான்டி சிரிக்கிறாரு. அழுவாதன்னு அமுக்கிக் காட்டறாரு.”

இலக்கியா திரையைத் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை ஓட்டச் சொன்னாள். அப்பா கையைத் தூக்கியபோது, இரண்டு வயதுப் பிள்ளை மாதிரி அவளும் கையைத் தூக்கினாள். மைமூன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே இன்னொரு சுற்று ரோஸ்மில்க்குக்குப் போனாள்.

“அத ஏன் படத்துல வெட்டாம வுட்டாங்க?” என்று கேட்டார் யூசுப் பாய்.

“அந்த ஆளுக்கு அன்னிக்குப் பூரா அழுவையே வரல பாய். வந்த அழுவைய நிறுத்திட்டா திரும்ப வராதுன்னு டைரக்டரு வாயத் தொறக்கல. பின்னால எவன் போனா என்னான்னு வுட்டுட்டாரு.”

தவுசீப்புக்கு இப்போது தொழில் உற்சாகம் வந்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து காட்சியை ஏற்றினான். “சூப்பர்க்கா. முன்னாடி அழுவுற ஹீரோவ எடுத்துட்டு, அப்பாவ மட்டும் பெருசாக்கி ஸ்டேஜ்ல போட்டுடலாம். கல்யாணத்துல யாரு இவ்ளோ நேரம் அழுவாச்சியப் பாப்பாங்க?”

இலக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“அவர எடுக்காதீங்க தம்பி. முழுசா போடுங்க. அவரு அழுதுகினு இருந்ததாலதான் எங்கப்பாவால அவ்ளோ தூரம் நடக்க முடிஞ்சிது.”